மார்க் விஷயத்தில் யாரிடம் கேட்பது?

வாசகர் கேள்வி – பதில்

செமஸ்டர் முடிவுகள் வந்த கையோடு உங்கள் கடிதங்களும் குவிந்துவிட்டன. பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து உதவிப் பதிவாளராக ஓய்வு பெற்றவள் என்பதால், ஆசிரியர் குழு எல்லாவற்றையும் என்னிடமே அனுப்பிவிட்டது. பெரும்பாலான கடிதங்கள் ‘கேட்டுப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை’ என்று முடிகின்றன. யாரிடம் கேட்டார்கள், என்றைக்குக் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தார்களா என்ற விவரம் எதிலும் இல்லை. நான் வேலை பார்த்த காலத்தில் நியாயமான புகார்கள் வீணாய்ப் போனதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். வாயால் சொன்னதற்கு அலுவலகத்தில் கோப்பு திறக்க முடியாது. அதனால் இந்த இதழ் முழுவதையும் இதற்கே ஒதுக்குகிறேன்.

பி.காம். மூன்றாம் ஆண்டு மாணவர், கும்பகோணம்

கார்ப்பரேட் அக்கவுண்டிங் தேர்வை மூன்று மணி நேரமும் உட்கார்ந்து எழுதினேன். ரிசல்ட்டில் ‘ஆப்சென்ட்’ என்று வந்திருக்கிறது. கல்லூரி ஆபீசில் கேட்டால் ‘யூனிவர்சிட்டிக்கு எழுதிப் போடு’ என்கிறார்கள். என்ன எழுதுவது?

பதறாதீர்கள் தம்பி. இருப்பதிலேயே எளிதாகத் தீரக்கூடிய புகார் இது. தேர்வறையில் ஒரு வருகைத் தாள் சுற்றி வந்திருக்கும். அதில் உங்கள் பதிவெண்ணுக்கு நேராக விடைத்தாள் எண்ணைக் குறித்துக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அந்தத் தாள்தான் உங்கள் சாட்சி. பதிவெண்ணில் ஓர் இலக்கம் மாறினாலோ, விடைத்தாள் வேறு கட்டில் போய்ச் சேர்ந்தாலோ, பதிவெண்ணை மறைத்து மாற்று எண் போடும், அதாவது டம்மி நம்பர் போடும் இடத்தில் பிசகினாலோ ஆப்சென்ட் என்று வந்துவிடும். தேர்வுத் தேதி, காலையா மாலையா, ஹால் எண், பாடக் குறியீடு, பதிவெண் எல்லாவற்றையும் எழுதி, ஹால் டிக்கெட் நகலை இணைத்து, முதல்வர் வழியாகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு, அதாவது நீங்கள் சி.ஓ.இ. என்று சொல்பவருக்கு அனுப்புங்கள். ‘வருகைத் தாளைச் சரிபார்த்து என் மதிப்பெண்ணை வெளியிட வேண்டுகிறேன்’ என்று கேட்டால் போதும். கல்லூரி அனுப்பும் கடிதத்தின் எண்ணையும் தேதியையும் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு விசாரிக்கப் போகும்போது அந்த எண் இல்லாவிட்டால் யாராலும் தேடித் தர முடியாது. ஹால் டிக்கெட்டுகளைப் பட்டம் கைக்கு வரும்வரை பத்திரமாக வையுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாத மாணவி, நாமக்கல்

பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு சுயநிதிக் கல்லூரியில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு பாடத்தில் இரண்டு இன்டர்னல் தேர்விலும் 50-க்கு 38, 41 வாங்கினேன். அசைன்மென்ட் கொடுத்தேன், செமினாரும் எடுத்தேன். ஆனால் மொத்தம் 25-க்கு 9 போட்டிருக்கிறார்கள். (தேர்வுக்கு 15, அசைன்மென்ட்டுக்கு 5, செமினாருக்கு 5 என்று கணக்கு.) போர்டில் போட்ட ஒரு கணக்கில் தப்பு இருக்கிறது என்று வகுப்பில் சொன்னதிலிருந்து அந்த மேடம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதே இல்லை. ஹெச்.ஓ.டி.யிடம் போனால் ‘மார்க் ஏற்றியாகிவிட்டது’ என்கிறார். அப்பாவோ ‘விட்டுவிடு, இன்னும் ஒன்றரை வருஷம் அங்கேதானே படிக்கணும்’ என்கிறார். விட்டுவிடலாமா அம்மா?

விடாதீர்கள். எழுத்துத் தேர்வில் மார்க் குறைந்தால் மறுபடி எழுதலாம். இன்டர்னல் அப்படி இல்லை, பல பல்கலைக்கழகங்களில் ஒருமுறை போட்டதுதான் கடைசிவரை. அரியர் எழுதினாலும் அதே 9-ஐத்தான் கூட்டுவார்கள். எம்.எஸ்சி. சேரும்போதும் வேலைக்குப் போகும்போதும் அந்த எண் உங்களோடு வரும்.

உங்கள் கையில் நல்ல ஆதாரம் இருக்கிறது, அதைக் கவனித்தீர்களா? இரண்டு தேர்விலும் சேர்த்து 100-க்கு 79. அதை 15-க்கு மாற்றினால் 11.85, அதாவது 12. அசைன்மென்ட்டுக்கும் செமினாருக்கும் பூஜ்யமே போட்டிருந்தால்கூட உங்களுக்கு 12 வர வேண்டும். மொத்தமே 9 என்றால் எங்கேயோ கணக்கு உதைக்கிறது. வன்மமாகவும் இருக்கலாம், ஏற்றும்போது வரி மாறிப் போனதாகவும் இருக்கலாம். எதுவானாலும் இந்தக் கூட்டல் கணக்கை யாராலும் மறுக்க முடியாது.

அதனால் அந்த மேடத்தின் கோபத்தைக் கடிதத்தில் கொண்டுவராதீர்கள். அது உண்மையாகவே இருக்கட்டும். ‘என் மேல் வன்மம்’ என்று ஒரு வரி எழுதினால், விசாரணை வன்மம் உண்டா இல்லையா என்ற திசையில் போய்விடும். அதை நிரூபிக்க உங்களிடம் ஒன்றும் இல்லை, கணக்கை நிரூபிக்க எல்லாம் இருக்கிறது. தேர்வுத் தாள்கள் கையில் இருந்தால் இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். அசைன்மென்ட் எந்தத் தேதியில் கொடுத்தீர்கள், செமினார் எந்தத் தலைப்பில் எடுத்தீர்கள் என்பதையும் இப்போதே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

கடிதம் இப்படி இருக்கட்டும். அனுப்புநர், பெறுநர் எழுதுங்கள். பெறுநர் துறைத் தலைவர், நகல் முதல்வருக்கு. பொருள்: இன்டர்னல் மதிப்பெண்ணைச் சரிபார்க்கக் கோருதல். அதன் கீழே: ‘இந்தப் பாடத்தில் எனக்கு 25-க்கு 9 மதிப்பெண் வழங்கப்பட்டுள்ளது. இரண்டு தேர்வுகளிலும் நான் பெற்ற மதிப்பெண்கள் 38, 41. கல்லூரி விதிப்படி இவற்றுக்கு மட்டும் 12 வர வேண்டும். தேர்வு, அசைன்மென்ட், செமினார் ஆகியவற்றுக்குத் தனித்தனியே எனக்கு வழங்கப்பட்ட மதிப்பெண்ணைத் தெரிவிக்கவும், தவறு இருந்தால் திருத்திப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பவும் வேண்டுகிறேன்.’ அவ்வளவுதான். அரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, மற்றதில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் போட மாட்டேன் என்றால் வாக்குவாதம் வேண்டாம், கல்லூரியின் ஈமெயிலுக்கு அனுப்பிவிட்டு ஸ்பீட் போஸ்டிலும் போடுங்கள். போஸ்ட் ஆபீஸ் ரசீது போதும்.

‘ஏற்றியாகிவிட்டது’ என்பதைக் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல்வர் காரணம் சொல்லி, ஆதாரத்தோடு எழுதினால் இன்டர்னல் மதிப்பெண்ணைத் திருத்தலாம். அப்படிப்பட்ட கோப்புகள் என் மேசைக்கு வந்து முடிந்திருக்கின்றன. ஆனால் ரிசல்ட் வெளியாகி மதிப்பெண் சான்றிதழ் அச்சானபிறகு வேலை பல மடங்கு கூடிவிடும். ஆகவே இந்த வாரமே கொடுங்கள்.

ஒரு வாரம், பத்து நாள் பாருங்கள். பதில் கிணற்றில் போட்ட கல்லாக இருந்தால் அடுத்த படி மாணவர் குறைதீர் குழு. 2023 ஏப்ரலில் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) கொண்டுவந்த விதிமுறைகளின்படி இந்தக் குழு ஒவ்வொரு கல்லூரியிலும் இருந்தாக வேண்டும். ஒரு பேராசிரியர் தலைவர், மூத்த ஆசிரியர்கள் நால்வர் உறுப்பினர்கள், சிறப்பு அழைப்பாளராக ஒரு மாணவப் பிரதிநிதி. இவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும், ஒருவராவது எஸ்.சி., எஸ்.டி. அல்லது ஓ.பி.சி. பிரிவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். புகார் வந்த 15 வேலை நாட்களுக்குள் குழு தன் பரிந்துரையை நிர்வாகத்துக்கு அனுப்ப வேண்டும், அதன் நகலை உங்களுக்கும் தர வேண்டும். ஆன்லைனில் புகார் கொடுக்கக் கல்லூரி இணையதளத்தில் வசதி இருக்க வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. விசாரணைக்கு நீங்களே போகலாம், உங்கள் சார்பில் ஒருவரை அனுப்பவும் செய்யலாம். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். பக்கத்தில் அவர் இருந்தால் உங்களுக்கும் தெம்பு.

அப்பாவின் பயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர் உலகத்தைப் பார்த்தவர். ஆனால் ஒன்றை அவரும் யோசிக்கட்டும். மீதி 75 மார்க் விடைத்தாளைப் பல்கலைக்கழகம் உங்கள் பெயரும் பதிவெண்ணும் தெரியாதபடி டம்மி நம்பர் போட்டுத்தான் திருத்தக் கொடுக்கிறது. அதில் அந்த மேடம் கை வைக்க முடியாது. பிராக்டிகல் தேர்வில் வேண்டுமானால் அவர் எதிரே வரலாம், அப்போதும் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் ஒருவர் கூட இருப்பார். இன்னொன்று, சீல் போட்ட ஒரு கடிதம் கோப்பில் இருக்கும் மாணவியிடம் அடுத்த செமஸ்டரில் யாரும் துணிந்து விளையாட மாட்டார்கள். பேசாமல் இருப்பவரிடம்தான் விளையாடுவார்கள். நான் பார்த்தவரையில் இப்படித்தான்.

ஒரு சின்ன விஷயம். சில கல்லூரிகளில் இன்டர்னல் பட்டியலில் மாணவர்களிடமும் கையெழுத்து வாங்குவார்கள். ‘சீக்கிரம் போடு, சீக்கிரம் போடு’ என்று அவசரப்படுத்துவார்கள். இனிமேல் உங்கள் எண்ணுக்கு நேரே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் போடாதீர்கள்.

பி.இ. ஐந்தாம் செமஸ்டர் மாணவர், கோவை

70 மார்க் எதிர்பார்த்த பேப்பரில் ஃபெயில். நேராக ரிவால்யுவேஷன் போட்டுவிடலாமா? போட்டோகாப்பிக்குக் காசு கட்டுவது வீண் என்கிறான் நண்பன்.

நண்பன் சொல்வதைக் கேட்காதீர்கள். முதலில் விடைத்தாள் நகலை வாங்குங்கள். கூட்டல் சரியா, எல்லாப் பக்கமும் திருத்தப்பட்டிருக்கிறதா, கடைசியில் எழுதிய விடை விட்டுப் போயிருக்கிறதா, உள்ளே போட்ட மதிப்பெண் முகப்புப் பக்கத்துக்கு அப்படியே வந்திருக்கிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று தப்பாக இருந்தாலும் உங்கள் கை ஓங்கிவிடும். எல்லாம் ஒழுங்காக இருந்து, ‘இந்த விடைக்கு இன்னும் நான்கு மார்க் போட்டிருக்கலாம்’ என்று மட்டும் தோன்றினால், பாடம் எடுத்த ஆசிரியரிடம் தாளைக் காட்டுங்கள். அவர் உண்மையைச் சொல்வார். அதற்குப் பிறகு மறுமதிப்பீட்டுக்குக் காசு கட்டுவதா என்று முடிவு செய்யுங்கள்.

மறுமதிப்பீடு என்பது தானாக வரும் உரிமை இல்லை. விதியில் இடம் இருந்தால்தான் கேட்க முடியும் என்று உச்ச நீதிமன்றம் 1984-லேயே சொல்லிவிட்டது. ஆனால் திருத்திய விடைத்தாளைப் பார்ப்பது உங்கள் உரிமை. சி.பி.எஸ்.இ.க்கு எதிராக ஒரு மாணவர் நடத்திய வழக்கில் 2011 ஆகஸ்டில் அதே நீதிமன்றம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதை உறுதி செய்தது. திருத்தியவர் யார் என்பதை மட்டும் மறைத்துத்தான் தருவார்கள், அது நியாயம்தான். ஆர்.டி.ஐ. மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பல்கலைக்கழகம் வாங்கும் கட்டணத்தைவிட இது மிகக் குறைவு. ஆனால் ஆர்.டி.ஐ. பதில் வர 30 நாள் ஆகலாம், அதற்குள் மறுமதிப்பீட்டுக் கெடு முடிந்துவிடும். அதனால் ரிவால்யுவேஷன் போடும் எண்ணம் இருந்தால் பல்கலைக்கழகத்தின் வழியிலேயே போட்டோகாப்பி வாங்குங்கள். கெடு தவறியவர்களுக்கு ஆர்.டி.ஐ. உதவும். அதுவும் விடைத்தாளைப் பாதுகாத்து வைத்திருக்கும் காலத்துக்குள் கேட்டால்தான்.

மறுமதிப்பீட்டு முடிவு வரும் என்று நம்பி அடுத்த தேர்வுக்கு அரியர் கட்டணம் கட்டாமல் இருந்துவிடாதீர்கள். முடிவு தாமதமானால் ஒரு செமஸ்டர் போய்விடும். கட்டிவிட்டுக் காத்திருங்கள், படித்துக்கொண்டும் இருங்கள்.

‘பாஸ் போட்டுத் தருகிறேன்’ என்று யாராவது வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அண்ணா பல்கலைக்கழக மறுமதிப்பீட்டில் பணம் விளையாடியதாக 2018-இல் லஞ்ச ஒழிப்புத் துறை பேராசிரியர்கள் மீதே வழக்குப் பதிவு செய்தது. காசு கொடுத்து வாங்கும் மார்க் ஒவ்வொன்றும் நேர்மையாக எழுதிய இன்னொரு பிள்ளையின் மார்க்கின் மேல் சந்தேகத்தைப் போடுகிறது. எனக்கு இதில் ரொம்பவே கோபம் உண்டு.

வகுப்புப் பிரதிநிதி, சிவகாசி

தேர்வில் 15 மார்க்குக்குப் பாடத்திட்டத்திலேயே இல்லாத கேள்வி வந்தது. எல்லாரும் வாட்ஸ்அப் குரூப்பில் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

குரூப்பில் திட்டினது போதும். தேர்வு முடிந்த அன்றைக்கு அல்லது மறுநாள் கொடுக்க வேண்டிய புகார் இது. விடைத்தாள் திருத்துவதற்கு முன் அந்தப் பாடத்தின் மூத்த தேர்வாளர்கள் உட்கார்ந்து, எந்தக் கேள்விக்கு எப்படி மார்க் போடுவது என்று முடிவு செய்வார்கள். உங்கள் கடிதம் அதற்கு முன் போய்ச் சேர்ந்தால், அந்தக் கேள்வியைத் தொட்டவர்களுக்கு மார்க் கொடுப்பதா என்று பேச வழி உண்டு. திருத்தி முடித்தபின் யாரும் பின்னால் போக மாட்டார்கள். வினாத்தாளில் அந்தக் கேள்வியை வட்டமிட்டு, பாடத்திட்டத்தின் ஐந்து யூனிட்டையும் இணைத்து, பாட ஆசிரியரின் ஒரு வரிக் குறிப்போடு, முதல்வர் மூலமாக சி.ஓ.இ.க்கு அனுப்புங்கள். ஐம்பது பேர் கையெழுத்தைவிட ஆசிரியரின் அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். ‘கேள்வி கஷ்டம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கஷ்டமான கேள்வி கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.

ஒரு தந்தை, விழுப்புரம்

மகனை ஒரு தனியார் கலைக் கல்லூரியில் சேர்த்திருந்தோம். பிறகு பொறியியல் கலந்தாய்வில் இடம் கிடைத்தது. கட்டிய பணமும் கிடையாது, முழு ஆண்டுக் கட்டணத்தையும் கட்டினால்தான் டி.சி.யும் மார்க்‌ஷீட்டும் தருவோம் என்கிறார்கள்.

ஐயா, அசல் சான்றிதழைப் பிடித்துவைப்பது யு.ஜி.சி. விதிப்படி தவறு. 2018 அக்டோபர் அறிவிக்கையில் அது தெளிவாக இருக்கிறது. கட்டணத்தைப் பொறுத்தவரை, நீங்கள் எழுத்தில் விலகிய தேதிதான் கணக்கு. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகியிருந்தால் முழுப் பணமும் வர வேண்டும், அலுவலகச் செலவென்று 5 சதவீதம், அதுவும் 5,000 ரூபாய்க்கு மேல் போகாமல், பிடிக்கலாம். அதற்குப் பிறகு கடைசித் தேதிக்கு முன் என்றால் 90 சதவீதம், கடைசித் தேதி தாண்டி 15 நாளுக்குள் 80, முப்பது நாளுக்குள் 50, அதற்குமேல் ஒன்றும் இல்லை. காஷன் டெபாசிட் இந்தக் கணக்கில் சேராது, அதை முழுதாகத் திருப்ப வேண்டும். விண்ணப்பம் கொடுத்த 15 நாளுக்குள் பணம் வர வேண்டும். சில ஆண்டுகளில் யு.ஜி.சி. இதைவிடத் தாராளமாகவும் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. 2024–25-இல் செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுக் கட்டணமும் தரச் சொன்னது. உங்கள் ஆண்டுக்கு என்ன என்று யு.ஜி.சி. இணையதளத்தில் பாருங்கள்.

வாயால் ‘வேண்டாம் சார்’ என்று சொல்லிவிட்டு வந்திருந்தால் இன்றைக்கே எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு நாள் தள்ளிப்போவதும் உங்களுக்குத்தான் நஷ்டம். பதில் வராவிட்டால் யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்தில் பதிவு செய்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஒரு நகல் அனுப்புங்கள். இணைப்பு கொடுத்திருக்கும் பல்கலைக்கழகம் கேட்டால் கல்லூரி பதில் சொல்லியாக வேண்டும்.

எம்.ஏ. மாணவர், மதுரை

ஆம்பட்ஸ்பர்சன் என்று ஒருவர் இருக்கிறாராமே, நேராக அவரிடமே போகலாமா? முதலமைச்சர் தனிப்பிரிவு, கன்ஸ்யூமர் கோர்ட், ஹைகோர்ட் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

ஆம்பட்ஸ்பர்சன் என்பவர் மாணவர் குறைகளை மேல்முறையீட்டில் விசாரிப்பவர். அவரிடம் நேராகப் போக முடியாது. முதலில் குறைதீர் குழுவிடம் கொடுத்திருக்க வேண்டும். அங்கே வந்த முடிவு திருப்தி இல்லையென்றால், முடிவு கைக்கு வந்த 15 நாளுக்குள் ஆம்பட்ஸ்பர்சனிடம் மேல்முறையீடு செய்யலாம். ஓய்வு பெற்ற துணைவேந்தரோ, அனுபவமுள்ள ஓய்வு பெற்ற பேராசிரியரோ, முன்னாள் மாவட்ட நீதிபதியோ அந்த இடத்தில் இருப்பார். பல்கலைக்கழகம் நியமிப்பவர்தான் என்றாலும் அதோடு இணைந்த கல்லூரிகளுக்கும் அவரே. 30 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது விதி. ‘எனக்கு மார்க் குறைவு, மறுபடி திருத்துங்கள்’ என்று மட்டும் போனால் எடுக்க மாட்டார். இன்ன முறைகேடு நடந்தது, இன்ன பாகுபாடு காட்டினார்கள் என்று குறிப்பாகச் சொன்னால் எடுப்பார். பொய்ப் புகார் என்று தெரிந்தால் புகார் கொடுத்தவர் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கவும் அவருக்கு இடம் உண்டு.

முதலமைச்சர் தனிப்பிரிவுக்கு எழுதுவது தவறில்லை, 1100-க்கு அழைத்தும் சொல்லலாம். ஆனால் அந்த மனு உயர்கல்வித் துறை வழியாகக் கடைசியில் அதே பதிவாளர் மேசைக்குத்தான் வரும். தேங்கிக் கிடக்கும் கோப்பை நகர்த்த அது உதவும், முதல் கதவாக அதைத் தட்டாதீர்கள். தேர்வு முடிவுக்காகக் கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போக வேண்டாம், தேர்வு நடத்துவது நுகர்வோர் சேவையில் வராது என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஹைகோர்ட், உங்களுக்கு மதுரைக் கிளை, கடைசிப் படி. நீதிபதிகள் உட்கார்ந்து விடைத்தாள் திருத்த மாட்டார்கள். விதியை மீறியிருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். அங்கேயும் முதல் கேள்வி ‘எழுதிக் கொடுத்தீர்களா, என்ன பதில் வந்தது’ என்பதுதான். வக்கீலுக்குப் பணம் இல்லையென்று நிற்காதீர்கள். பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. 15100-ஐ அழையுங்கள்.

ஆய்வு மாணவி, திருநெல்வேலி

பிஎச்.டி. நான்காம் ஆண்டு. கைடிடம் மூன்றாம் அத்தியாயத்தைக் கொடுத்து மாதக்கணக்கில் ஆகிறது, பிரிக்கக்கூட இல்லை. ஆனால் அவர் மகனின் ப்ராஜெக்ட்டை டைப் அடிக்க, பேப்பர் திருத்த, பேங்க்குக்குப் போக நான் வேண்டும். புகார் கொடுத்தால் ஆய்வே முடியாது என்று சீனியர்கள் சொல்கிறார்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன் மகளே. ஆய்வு மாணவர்களின் நிலை மற்றவர்களைப் போல இல்லை. ஒரே மனிதரின் கையெழுத்தில் எல்லாம் நிற்கிறது. அதனால் உங்களுக்குச் சொல்லும் வழியும் கொஞ்சம் மெதுவானது.

முதலில், இனிமேல் எதையும் கையில் கொடுக்காதீர்கள். அத்தியாயத்தை ஈமெயிலில் அனுப்புங்கள். ‘ஐயா, மூன்றாம் அத்தியாயத்தை இணைத்துள்ளேன். தங்கள் திருத்தங்களுக்குக் காத்திருக்கிறேன்’ என்று மரியாதையாக. இரண்டு வாரம் கழித்து அதே மெயிலுக்கு ஒரு நினைவூட்டல். ஒரு குற்றச்சாட்டும் அதில் வேண்டாம், தேதிகளே பேசும்.

அடுத்து, உங்கள் ஆய்வு ஆலோசனைக் குழு. யு.ஜி.சி.யின் 2022 பிஎச்.டி. விதிமுறைப்படி ஒவ்வொரு செமஸ்டரிலும் நீங்கள் அந்தக் குழு முன் உங்கள் வேலையைச் சொல்ல வேண்டும். கூட்டமே நடக்காமல் கையெழுத்து மட்டும் வாங்கி அனுப்பும் பழக்கம் பல துறைகளில் இருக்கிறது. அப்படிக் கையெழுத்துப் போடாதீர்கள். கூட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். ‘மூன்றாம் அத்தியாயம் இன்ன தேதியில் சமர்ப்பிக்கப்பட்டது, திருத்தம் நிலுவையில் உள்ளது’ என்ற ஒரு வரி அந்த அறிக்கையில் ஏறட்டும். குழுவில் கைடைத் தவிர மற்றவர்களும் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரிடமாவது தனியாகப் பேச முடியும். அநேகமாக இந்த இடத்திலேயே அத்தியாயம் திரும்பி வந்துவிடும்.

வராவிட்டால் ஆய்வுப் பிரிவு இயக்குநருக்கு எழுதிக் கைடு மாற்றம் கேட்கலாம், குறைதீர் குழுவும் ஆய்வு மாணவர்களுக்குத் திறந்ததுதான். ஆனால் கேட்பதற்கு முன் உங்களை எடுத்துக்கொள்ளத் தயாராக ஒருவர் இருக்கிறாரா, அவரிடம் இடம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். பேராசிரியருக்கு எட்டு, இணைப் பேராசிரியருக்கு ஆறு, உதவிப் பேராசிரியருக்கு நான்கு மாணவர்கள் என்று உச்சவரம்பு இருக்கிறது. காலத்தைப் பற்றிய பயம் வேண்டாம். ஆறு ஆண்டுகள் இருக்கின்றன, மறுபதிவில் இரண்டு, பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டுகள் வரை நீட்டிப்பு உண்டு.

பேங்க்குக்குப் போகும் வேலைக்கு ‘சார், இன்றைக்கு லேபில் வேலை இருக்கிறது’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். சண்டை இல்லாமல், மறுபடி மறுபடி. அந்த வேலை உங்கள் ஆய்வில் சேராது, செய்யாததற்காக யாரும் உங்களை எழுத்தில் கேட்க முடியாது.

பெயரும் ஊரும் வேண்டாம் என்ற மாணவி

ஒரு ஆசிரியர் இரவில் மெசேஜ் அனுப்புகிறார். தனியாகச் சந்தித்தால் இன்டர்னலில் 25-க்கு 25 என்கிறார். பதில் அனுப்பாததால் இப்போது மார்க்கைக் குறைத்துவிடுவேன் என்று மிரட்டுகிறார். குறைதீர் குழுவுக்கு எழுதலாமா?

இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. மெசேஜ்களை அழிக்காதீர்கள். தேதியும் எண்ணும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள்.

எழுத வேண்டிய இடம் குறைதீர் குழு இல்லை. பாலியல் துன்புறுத்தலுக்கென்றே ஒவ்வொரு கல்லூரியிலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும், ஒரு மூத்த பெண் ஆசிரியர் அதன் தலைவராக இருப்பார். 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் யு.ஜி.சி.யின் 2015 விதிமுறைகளும் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. கடைசி மெசேஜ் வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். உங்கள் பெயரை வெளியில் சொல்லக் கூடாது என்பது சட்டம். கல்லூரி மூடி மறைக்கப் பார்த்தால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள். மிரட்டல் என்பதால் மகளிர் காவல் நிலையத்துக்கும் நேராகப் போகலாம், அதற்குக் கல்லூரியின் அனுமதி தேவையில்லை. வீட்டில் அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், தனியாகச் சுமக்காதீர்கள்.

புகாரோடு இன்னொன்றையும் கேளுங்கள். விசாரணை முடியும்வரை அந்த ஆசிரியர் உங்கள் தேர்வுத் தாளையோ அசைன்மென்ட்டையோ திருத்தக் கூடாது, உங்களுக்கு மார்க் போடக் கூடாது என்று. அப்படி இடைக்காலமாக நிறுத்திவைக்க விதியிலேயே இடம் இருக்கிறது, பலருக்கும் இது தெரியாததால் கேட்பதில்லை. முதல் கடிதத்திலேயே, புகாருக்கு அடுத்த பத்தியில் எழுதிவிடுங்கள்.